முதல் கேபிஐ-க்கு முன்னால்: வியூக மென்பொருள் செட்டிங்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

இலக்கு, கேபிஐ (செயல்பாட்டை எண்ணால் அளக்கும் முக்கியக் குறியீடு), டாஷ்போர்டு (எல்லாவற்றையும் நிறத்தோடு காட்டும் திரை) என நிறுவனத்தின் வியூகத்தை ஒரே இடத்தில் வைத்துக் கண்காணிக்கும் மென்பொருள்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. தொழில் வேறு, மென்பொருள் வேறு. கோளாறு மட்டும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: யாரும் திறந்து பார்க்காமல் விட்ட டீஃபால்ட் செட்டிங்ஸ்.

உதிரிபாகத் தொழிற்சாலை மேலாளர், அம்பத்தூர்: பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு (நிதி, வாடிக்கையாளர் எனப் பல பார்வைகளில் நிறுவனத்தை அளக்கும் முறை) மென்பொருள் வாங்கியிருக்கிறோம். விற்றவர்கள், "டீஃபால்ட்டே போதும், கேபிஐ-களை ஏற்றிவிடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள். அப்படியே செய்யலாமா?

வேண்டாம். "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்ற இடத்தில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். இவ்வகை மென்பொருள்களில் பெரும்பாலும், டீஃபால்ட் என்பது புதிதாக ஒரு கேபிஐ உருவாக்கும்போது தானாக நிரம்பும் மதிப்பு, அவ்வளவுதான். இன்று 60 கேபிஐ ஏற்றிவிட்டு அடுத்த மாதம் டீஃபால்ட்டை மாற்றினால், 61-வது கேபிஐ-யிலிருந்துதான் மாற்றம் தெரியும். பழைய 60-ம் பழையபடியே நிற்கும். ஒரே திரையில் இரண்டு விதக் கணக்கு ஓடும், அது யாருக்கும் தெரியாது.

இன்னொரு வகையும் உண்டு. நிதியாண்டுத் தொடக்கம் போன்றவை மொத்த நிறுவனத்துக்கும் பொதுவானவை. அதை நடுவில் மாற்றினால் ஏற்கெனவே பதிந்த காலாண்டுகள் இடம் மாறிவிடும். சில மென்பொருள்கள் தரவு ஏறிய பிறகு அதை மாற்றவே விடாது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் நிதியாண்டு. வெளிநாட்டில் உருவான மென்பொருள்களில் பெரும்பாலும் ஜனவரி இருக்கும், ஏப்ரல் என்று மாற்றுங்கள். மாற்றியதோடு விடாமல், முதல் காலாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை என்று காட்டுகிறதா என ஓர் அறிக்கையைத் திறந்து பாருங்கள்.

அடுத்து நேர மண்டலம். யூடிசி (உலகப் பொது நேரம்) என்று இருந்தால் காலை 9 மணிக்கு வைத்த நினைவூட்டல் பிற்பகல் 2.30-க்கு வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நைட் ஷிஃப்ட் ஓடும் உங்களுக்குப் பெரிய ஆபத்து வேறு: ஏப்ரல் 1 அதிகாலை 4 மணிக்கு சூப்பர்வைசர் பதியும் உற்பத்தி எண்ணிக்கை யூடிசி கணக்கில் மார்ச் 31 இரவு 10.30. அந்த எண் போன நிதியாண்டுக்குப் போய்விடும். அதிகாலை 5.30-க்கு முன் பதிவது எல்லாமே இப்படி ஒருநாள் பின்னால் போகும்.

மூன்றாவது, பணமும் இலக்க முறையும். 1,00,000 என்று காற்புள்ளி விழ வேண்டும். அதைவிட முக்கியம் அலகு. விற்பனையை லட்சத்தில் பதிவதா, முழு ரூபாயிலா? ஒருவர் 25 என்றும் இன்னொருவர் 25,00,000 என்றும் பதிந்தால் மென்பொருள் இரண்டையும் எந்தக் கேள்வியும் இல்லாமல் கூட்டிவிடும். அலகை கேபிஐ-யின் பெயரிலேயே எழுதிவிடுவது நல்லது: "மாத விற்பனை, லட்சம் ரூபாயில்".

இந்த மூன்றும் முடிந்தபின்தான் கூட்டும் முறை, திசை, நிற வரம்பு (எந்த எண் வரை பச்சை, எதிலிருந்து சிவப்பு), காலி இடத்தை எப்படி எடுத்துக்கொள்வது ஆகிய நான்கும். அவை கீழே வேறு கேள்விகளில் வருகின்றன. எல்லாம் அமைத்தபின் மூன்று போலி கேபிஐ உருவாக்கி, மூன்று மாத எண்களைப் பதிந்து, கால்குலேட்டரில் போட்டுச் சரிபாருங்கள். அரை நாள் வேலை. சரியாக வந்தால் போலிகளை அழித்துவிட்டு உண்மையான பட்டியலை ஏற்றலாம்.

கணக்குப் பிரிவு, கிண்டி: எக்செல்லிலிருந்து ஏற்றும்போது சில வரிகளில் மட்டும் தேதிப் பிழை காட்டுகிறது. மற்றவை ஏறிவிடுகின்றன. பிழை வந்தவற்றை மட்டும் திருத்தினால் போதுமா?

போதாது. பிழை காட்டாமல் ஏறியவைதான் உண்மையில் கெட்டுப்போனவை. தேதி முறை அமெரிக்க வழக்கப்படி மாதம்-நாள்-ஆண்டு என்று இருக்கிறது. 25/04 என்றால் 25-வது மாதம் இல்லாததால் மறுத்துவிடுகிறது. 03/04 என்றால் மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டு ஏற்றிவிடுகிறது. நீங்கள் எழுதியது ஏப்ரல் 3. அப்படி ஏற்றியதை முழுவதும் நீக்கிவிட்டு, தேதி முறையை நாள்-மாதம்-ஆண்டு என்று மாற்றி மறுபடி ஏற்றுங்கள். சந்தேகமே வேண்டாமென்றால் கோப்பில் 2026-04-03 என ஆண்டை முதலில் எழுதுங்கள்.

மனிதவளப் பிரிவு, பெருங்குடி: எங்கள் நிறுவனத்தில் 85 பேர் இருக்கிறோம். ஆண்டு அறிக்கையில் பணியாளர் எண்ணிக்கை 1,020 என்று வருகிறது. யூட்டிலைசேஷன் (கிடைத்த வேலை நேரத்தில் வாடிக்கையாளருக்கு பில் செய்த பங்கு) சதவீதமும் ப்ராஜெக்ட் மேனேஜர்கள் சொல்வதோடு ஒத்துப்போவதில்லை.

85-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 1,020. கூட்டும் முறையின் டீஃபால்ட் 'மொத்தம்' என்று இருப்பதால் பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிவிட்டது. விற்பனை, உற்பத்தி, புதிய வாடிக்கையாளர் போன்றவற்றுக்கு 'மொத்தம்' சரி. பணியாளர் எண்ணிக்கை, நிலுவை ஆர்டர், வங்கி இருப்பு ஆகியவை ஒரு குறிப்பிட்ட நாளின் நிலையைச் சொல்பவை. அவற்றுக்கு 'கடைசி மதிப்பு' வைக்க வேண்டும்.

சதவீதம்தான் எல்லோரையும் ஏமாற்றுவது. 'மொத்தம்' தப்பு என்று தெரிந்ததும் 'சராசரி' என்று மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அதுவும் தப்பு. ஒரு குழுவில் 100 பேர், மாதம் 16,000 மணி நேரம், அதில் பில் செய்தது 12,800. யூட்டிலைசேஷன் 80 சதவீதம். இன்னொரு குழுவில் 10 பேர், 1,600 மணி நேரம், பில் செய்தது 640. அது 40 சதவீதம். சராசரி எடுத்தால் 60 வரும். உண்மை என்ன? 13,440-ஐ 17,600-ஆல் வகுத்தால் 76.4. பத்துப் பேர் குழுவின் குரல் நூறு பேர் குழுவின் குரலுக்குச் சமமாக ஒலித்துவிட்டது.

இதற்கு ஒரே வழிதான். சதவீதத்தைக் கையால் பதியவே பதியாதீர்கள். கிடைத்த மணி நேரம், பில் செய்த மணி நேரம் இரண்டையும் தனித்தனி அளவுகளாகப் பதியுங்கள். இரண்டுக்கும் கூட்டும் முறை 'மொத்தம்'. யூட்டிலைசேஷன் என்பது இவற்றை வகுக்கும் ஃபார்முலா கேபிஐ. பிறகு ஃபார்முலாவின் செட்டிங்கில் ஒன்றைத் தேட வேண்டும்: முதலில் கூட்டிவிட்டு வகுப்பதா, வகுத்துவிட்டுப் பிறகு கூட்டுவதா என்று ஒரு தேர்வு இருக்கும். கூட்டிவிட்டு வகுப்பது என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டால் மேலே செய்ததெல்லாம் வீண்.

வேலையை விட்டுப் போவோர் விகிதத்துக்கும் இதே கதைதான். மாத விகிதங்களைச் சராசரி எடுக்கக் கூடாது. ஆண்டில் போனவர்களின் மொத்தத்தை, சராசரிப் பணியாளர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

ஜவுளிக் கடை நிர்வாகி, தியாகராய நகர்: ஆண்டு இலக்கு 24 கோடி என்று கொடுத்தோம். ஜூன் வரை எல்லா மாதமும் சிவப்பு, தீபாவளி மாதம் மட்டும் பச்சைக்கும் மேலே. விற்பனைக் குழு டாஷ்போர்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டது.

அவர்கள் மேல் தப்பில்லை. மென்பொருள் 24 கோடியைப் பன்னிரண்டால் வகுத்து மாதத்துக்கு 2 கோடி என்று வைத்திருக்கிறது. ரங்கநாதன் தெருவில் எந்த வியாபாரிக்கும் பன்னிரண்டு மாதமும் ஒன்றல்ல. இலக்குப் பகிர்வின் டீஃபால்ட் 'சமமாக' என்று இருக்கும். அதை 'விகிதப்படி' என்றோ 'கையால்' என்றோ மாற்றுங்கள்.

விகிதம் எப்படிக் கிடைக்கும்? கடந்த மூன்று ஆண்டுகளின் மாத விற்பனையை எடுங்கள். ஒவ்வோர் ஆண்டிலும் ஒவ்வொரு மாதமும் ஆண்டு மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மூன்றின் சராசரிதான் அந்த மாதத்தின் பங்கு. ஒரு மாதத்துக்கு 16 சதவீதம் வந்தால் இலக்கு 3.84 கோடி, 5 சதவீதம் வந்தால் 1.20 கோடி. பங்குகளின் கூட்டுத்தொகை சரியாக 100 வருகிறதா என்று பார்த்தபின் ஏற்றுங்கள். 99.7 என்று விட்டால் ஆண்டு முடிவில் 7.20 லட்ச ரூபாய் இலக்கு காணாமல் போயிருக்கும். ஜிஎஸ்டி சேர்த்த விற்பனையா, சேர்க்காததா என்பதும் மூன்று ஆண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் தொழிலுக்கே உரிய இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஒப்பீட்டின் டீஃபால்ட் 'சென்ற ஆண்டின் இதே மாதம்'. ஆடித் தள்ளுபடிக்கும் பொங்கலுக்கும் இது பொருந்தும். இரண்டும் சூரியக் கணக்கு என்பதால், ஆடி ஜூலை நடுவிலும் தை ஜனவரி நடுவிலும்தான் பிறக்கும். தீபாவளி திதிக் கணக்கு. 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. கூட்டம் நெரியும் கடைசி வாரம் 2025-ல் அக்டோபருக்குள் முடிந்தது. 2026-ல் அது நவம்பருக்குப் போகிறது. 2026 அக்டோபரை 2025 அக்டோபரோடு ஒப்பிட்டால் வியாபாரம் சரிந்தது போலவும், நவம்பரில் தூக்கிக்கொண்டு போனது போலவும் தெரியும். இரண்டுமே உண்மையல்ல. ஆகவே, மேலே சொன்ன மூன்றாண்டுச் சராசரியிலும் அக்டோபரையும் நவம்பரையும் ஒரே துண்டாகச் சேர்த்துப் பங்கு கணக்கிட்டு, அதை அந்த ஆண்டின் தீபாவளித் தேதியைப் பார்த்து இரண்டாகப் பிரியுங்கள். ஒப்பீட்டுக்குத் தனியாக 'தீபாவளிக்கு முந்தைய 6 வாரம்' என்று ஒரு கேபிஐ வைத்துக்கொண்டால் குழுவுக்கு அதுவே போதும்.

தரக் கட்டுப்பாடு, ஸ்ரீபெரும்புதூர்: வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் பாகங்களுக்கு இலக்கு 500 பிபிஎம் (பத்து லட்சம் பாகத்துக்கு 500). போன மாதம் 900 ஆனது. டாஷ்போர்டில் பளிச்சென்று பச்சை!

'திசை' என்ற செட்டிங் 'அதிகமே நல்லது' என்று இருக்கிறது. 900-ஐ 500-ஆல் வகுத்து 180 சதவீத சாதனை என்று பாராட்டுகிறது. அந்த கேபிஐ-யில் 'குறைவே நல்லது' என்று மாற்றுங்கள்.

மாற்றியபின் சாதனைச் சதவீதம் எப்படிக் கணக்காகிறது என்று உதவிப் பக்கத்தில் பாருங்கள். இலக்கை நடப்பால் வகுக்கும் மென்பொருளில் 55.6 வரும். 200-லிருந்து 180-ஐக் கழிக்கும் மென்பொருளில் 20 வரும். இரண்டும் வழக்கத்தில் இருப்பவைதான், ஆனால் மஞ்சள் எங்கே தொடங்குகிறது, சிவப்பு எங்கே என்பது இதைப் பொறுத்து மாறும். என் கருத்தில் தரக் குறியீடுகளுக்குச் சதவீத வரம்பே வேண்டாம், நேரடி எண்ணையே வரம்பாக வையுங்கள்: 500 வரை பச்சை, 700 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு என்பது போல. விபத்து எண்ணிக்கைக்கு இது கட்டாயம். அங்கே இலக்கு பூஜ்யம், பூஜ்யத்தால் வகுக்க முடியாது. 0 என்றால் பச்சை, 1 ஆனாலே சிவப்பு, மஞ்சள் கிடையாது.

கையிருப்பு நாட்கள் போன்றவை மூன்றாம் வகை. 12 முதல் 18 நாள் வரை இருக்க வேண்டும் என்றால் 6-ம் ஆபத்து, 30-ம் ஆபத்து. அதற்கு 'வரம்புக்குள்' என்ற திசை வேண்டும். ஒரு சின்ன விஷயம்: 500 பிபிஎம் என்பது 0.05 சதவீதம். சதவீதமாகக் காட்டும்போது தசம இடம் டீஃபால்ட்டாக 0 என்று இருந்தால் திரையில் '0%' என்று வரும், கழிவே இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு இடமாவது வையுங்கள்.

சரக்குப் போக்குவரத்து நிறுவனம், மாதவரம்: மாதம் பிறந்தால் டாஷ்போர்டு முழுக்கச் சிவப்பு. 20 தேதிக்கு மேல் தானாகச் சரியாகிறது. ஏன்?

காலி இடத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. 'தரவு இல்லை எனில்' என்ற செட்டிங்கை 'சாம்பல் நிறம்' அல்லது 'கணக்கில் சேர்க்காதே' என்று வையுங்கள். 'முந்தைய மதிப்பைத் தொடர்' என்றும் ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். ஆறு மாதமாக யாரும் பதியாத கேபிஐ-கூடப் பச்சையாகவே நிற்கும்.

கூடவே பதிவுக் கெடு தேதியையும் பாருங்கள். எல்லாத் துறைக்கும் 5 தேதி என்று டீஃபால்ட் இருக்கலாம். வண்டி ஓடிய கிலோமீட்டருக்கு அது சரி. ஆனால் மாதந்தோறும் ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்யும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்று மூச்சுவிட நேரமில்லாமல் இருக்கும். அவர்களுக்கு 22 என்று வைத்தால் எண்ணும் சரியாக வரும், மனக்கசப்பும் வராது.

மருத்துவமனை நிர்வாகம், கீழ்ப்பாக்கம்: 'நோயாளி பாதுகாப்பு' என்ற இலக்கின் கீழ் ஐந்து குறியீடுகள். மேலே இலக்கு பச்சை. உள்ளே போனால் ஒன்று சிவப்பாக இருக்கிறது. மேல்மட்டத்தில் யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை.

நான்கு குறியீடு 100, ஒன்று 40 என்றால் சராசரி 88. பச்சை 85-ல் தொடங்கினால் இலக்கும் பச்சைதான். கீழுள்ள குறியீடுகளைச் சேர்த்து இலக்கின் நிறத்தை முடிவு செய்யும் மேலேற்றும் முறையின் டீஃபால்ட் சம எடைச் சராசரி. வருவாய் போன்ற இலக்குகளுக்கு அது பரவாயில்லை, ஒன்று குறைந்தால் இன்னொன்று ஈடுகட்டும். பாதுகாப்பில் ஈடுகட்டல் கிடையாது. கை கழுவுவது 100 சதவீதம் என்பதால் மருந்து மாறிக் கொடுத்தது சரியாகிவிடாது. இந்த இலக்குக்கு மட்டும் 'மிக மோசமான உறுப்பின் நிறம்' என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மென்பொருளில் அது இல்லையென்றால் அந்த இலக்கை உடைத்து, ஐந்து குறியீட்டையும் மேல்மட்டத் திரையிலேயே தனித்தனியாகக் காட்டுங்கள். எடையைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். எந்த எடை கொடுத்தாலும் மறைத்துக் காட்டும் ஒரு சேர்க்கை இருக்கத்தான் செய்யும்.

அறக்கட்டளைச் செயலாளர், மயிலாப்பூர்: மென்பொருள் திறந்தவுடன் நிதி, வாடிக்கையாளர், உள் செயல்முறை, கற்றலும் வளர்ச்சியும் என்று நான்கு தலைப்பு வருகிறது. எங்களுக்கு லாபம் நோக்கமல்ல. மாற்றலாமா?

தாராளமாக. ராபர்ட் கப்லனும் டேவிட் நார்ட்டனும் 1992-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் முன்வைத்த பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டின் நான்கு பார்வைகள் அவை. வணிக நிறுவனங்களை மனதில் வைத்து எழுதியது என்பதால் நிதி உச்சியில் இருக்கிறது. பயனாளியை மேலே கொண்டுபோய், நிதியைக் கீழே ஆதாரமாக வையுங்கள். பெயரையும் 'வாடிக்கையாளர்' என்பதிலிருந்து 'பயனாளி' என்று மாற்றிவிடுங்கள். கேபிஐ ஏற்றும் முன் செய்யுங்கள், அவ்வளவுதான்.

திட்டப் பிரிவு, ஒரகடம்: எங்கள் தலைமையகம் ஜப்பானில். அவர்களுக்கும் ஏப்ரல்–மார்ச்தான். இருந்தும் அறிக்கைகள் ஓராண்டு தள்ளிப் பொருந்துகின்றன.

ஆண்டின் பெயர்தான் காரணம். ஏப்ரல் 2025 முதல் மார்ச் 2026 வரையிலான ஆண்டை அவர்கள் தொடங்கும் ஆண்டைக் கொண்டு 2025 என்பார்கள். நம் ஊரில் எஃப்ஒய் 26 என்று முடியும் ஆண்டைச் சொல்கிறோம். நிதியாண்டுப் பெயரை '2025-26' என்று இரண்டு ஆண்டும் தெரியும்படி வையுங்கள்.

மொத்த வியாபாரி, பாரிமுனை: கிளைகளின் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறோம். தரவை இறக்கி எக்செல்லில் திறந்தால் பொருளற்ற குறிகளாக வருகிறது.

மென்பொருள் யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் கொடுக்கிறது, எக்செல் அதை வேறு முறை என்று நினைத்துத் திறக்கிறது. ஏற்றுமதி செட்டிங்கில் 'பாம் உடன் யூடிஎஃப்-8' (UTF-8 with BOM) இருந்தால் அதை டீஃபால்ட்டாக்குங்கள். இல்லையென்றால் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்செல்லின் டேட்டா பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகப் போய், கோப்பு மூலம் என்ற இடத்தில் 65001 யூனிகோடைத் தேர்ந்தெடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்த பெயர்கள் இதனால் சரியாகாது, அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

உள் தணிக்கையாளர், அண்ணா நகர்: ஜனவரியில் ஒரு துறை தன் இலக்கையே குறைத்துக்கொண்டது. பழைய மாதங்களும் பச்சையாகிவிட்டன. தடுப்பது எப்படி?

மூன்று பூட்டு வேண்டும். புதுப் பயனருக்கான டீஃபால்ட் உரிமை 'திருத்துபவர்' என்று இருக்கும், 'பார்ப்பவர்' என்று மாற்றுங்கள். நடப்பு எண்ணைப் பதியும் உரிமையும் இலக்கை மாற்றும் உரிமையும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. அடுத்து, மாதப் பூட்டு: கெடு முடிந்து ஐந்து நாள் கழித்து அந்த மாதம் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வையுங்கள், திறக்க உங்கள் ஒப்புதல் வேண்டும். மூன்றாவது, இலக்கு மாற்றத்துக்கு 'நடைமுறை தேதி' கட்டாயம். அது இருந்தால் ஜனவரி மாற்றம் ஜனவரியிலிருந்துதான் செல்லும், ஏப்ரல் முதல் டிசம்பர் வரை பழைய இலக்கோடே நிற்கும். மாற்றப் பதிவேடு இயங்குகிறதா, எத்தனை மாதம் சேமிக்கிறது என்பதையும் பாருங்கள். 90 நாள் என்று இருந்தால் ஆண்டுத் தணிக்கைக்கு அது பயன்படாது.

செயல்பாட்டுத் தலைவர், சோழிங்கநல்லூர்: இதையெல்லாம் செய்யாமலே 140 கேபிஐ ஏற்றி எட்டு மாதம் ஓட்டிவிட்டோம். மறுபடி முதலிலிருந்தா?

தேவையில்லை. முதலில் அனைத்து கேபிஐ-களின் செட்டிங்ஸையும் ஒரே அட்டவணையாக இறக்குங்கள்: பெயர், கூட்டும் முறை, திசை, வரம்பு, காலி இட விதி, தசம இடம். கூட்டும் முறை 'மொத்தம்' என்று இருப்பவற்றில் சதவீதம், விகிதம், எண்ணிக்கை என்ற சொல் வரும் பெயர்களை வடிகட்டுங்கள். தப்பானவற்றில் பெரும்பகுதி அங்கேயே சிக்கும். பிறகு பெயரில் கழிவு, புகார், தாமதம், செலவு என்று வருபவற்றில் திசையைப் பாருங்கள்.

திருத்தத்தைச் சோதனைக் கணக்கில் ஒருமுறை செய்து, மூன்று கேபிஐ-களைக் கையால் சரிபார்த்தபின் உண்மைக் கணக்கில் மொத்தமாகச் செய்யுங்கள். செய்யும் முன் பழைய டாஷ்போர்டை பிடிஎஃப் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டும் முறையும் திசையும் திருந்தினால் பழைய மாதங்களின் நிறமும் மாறும், போர்டு கூட்டத்தில் நிச்சயம் கேள்வி வரும். எந்த கேபிஐ, என்ன இருந்தது, என்ன ஆனது, ஏன் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி, திருத்தம் செய்யும் நாளுக்கு முன்பே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். வரம்புகளை மட்டும் இப்போது தொடாமல், புது நிதியாண்டுத் தொடக்கமான ஏப்ரல் 1 முதல் மாற்றுங்கள்.